அந்தக் கண்ணாடிக் குழாயில் பால் இல்லை

அனுப்புநர்
அ. ஒச்சப்பன்,
சாயாக்கடை, பஜார் ரோடு,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
எர்ணாகுளம்.

பொருள்: பள்ளி அறிவியல் கண்காட்சியில் என் மகள் பேச்சியம்மாள் பால் கலந்து ஏமாற்றியதாக மைக்கில் சொன்னதைத் திருத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

மலையாளம் எனக்குப் பேச வரும், எழுத வராது. மகளிடம் சொன்னால் எழுதித் தருவாள். முடிவு தெரியுமுன் அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். தமிழ் அறிந்த யாரையாவது கொண்டு படிக்கக் கேட்கும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

1. பேச்சி ஒன்பதாம் வகுப்பு. எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவி ஜெயலக்ஷ்மி அவளுக்குக் கொஞ்சம் பாலிமர் பொடி கொடுத்தார். குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் தெளிவாக இருக்கும். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் அந்தச் சூட்டுக்கே வெள்ளையாகத் திரளும். ஐஸில் வைத்தால் பழையபடி தெளியும். வீட்டில் செய்து காட்டியபோது நான் அசந்துபோனேன்.

2. கண்காட்சியிலும் சரியாகத்தான் வந்தது. நடுவர் நம்பவில்லை. அவள் கொண்டுபோன தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, மண்டபத்துக் குழாயில் பிடித்துத் திரும்பச் செய்யச் சொன்னார். ஐஸை விட்டு எடுத்ததுதான் தாமதம், கை பொத்தாமலே வெளுத்துவிட்டது. தகப்பனுக்கு என்ன தொழில் என்று கேட்டார். சொன்னாள். "சாயாக்கடையோ? அப்போ பாலுக்குப் பஞ்சமில்லல்லோ!" என்றார் மைக்கிலேயே. மண்டபமே சிரித்தது. ஐயா, எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

3. நடந்தது இதுதான். மழை பொய்த்த இந்த வருஷம் மட்டாஞ்சேரிக் குழாயில் காயல் உப்பு ஏறிவிட்டது. வாய் கொப்பளிக்க முடியாது. ஆலுவாவிலிருந்து லாரியில் வரும் தண்ணீரில்தான் நான் சாயா போடுகிறேன். அதைத்தான் அவளும் கொண்டுபோயிருந்தாள். உப்பு கரைந்த தண்ணீர் அந்தப் பாலிமரைச் சீக்கிரமே கைவிட்டுவிடுமாம். உப்பு ஏற ஏற, குறைந்த சூட்டிலேயே திரண்டுவிடும். அன்று மண்டபத்து வெக்கையே போதுமாயிருந்தது என்று ஜெயலக்ஷ்மி பிறகு விளக்கினார். நடுவர் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரிய நியாயமில்லை. தினமும் அந்த உப்போடு மல்லுக்கட்டும் எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா!

4. பிள்ளைகள் "பால்காரி" என்று கூப்பிடுகிறார்களாம். அன்று முதல் பேச்சி பள்ளிக்குப் போகவில்லை. வருஷப் பரீட்சைக்கும் போக மாட்டேன் என்கிறாள்.

ஆகவே, பரீட்சைக்கு முன் அதே மண்டபத்தில் இரண்டு தண்ணீரிலும் அவளைச் செய்துகாட்ட வைத்து, பால் கலக்கவில்லை என்று மைக்கில் சொல்ல உத்தரவிட வேண்டுகிறேன். பரிசு வேண்டாம். நடுவர் மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

இன்னும் ஒன்று, எழுதவே வெட்கமாயிருக்கிறது. சிரிப்பு அடங்கியதும், பெண்ணின் தகப்பனார் வந்திருக்கிறாரா என்று நடுவர் கேட்டார். சலவை வேட்டியோடு முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். பேச்சி என்னை நேராகப் பார்த்தாள். "அப்பா வந்நிட்டில்ல, சாரே" என்றாள், வரவில்லை என்று. எனக்குத் தலைக்குனிவு வேண்டாம் என்று சொன்னாளோ, என்னால் தனக்குத் தலைக்குனிவு என்று சொன்னாளோ, கேட்க எனக்குத் தைரியமில்லை. நானும் வராதவனாகவே உட்கார்ந்திருந்தேன். திரும்பச் செய்யும் நாளில், தகப்பனார் வந்திருக்கிறாரா என்ற அந்தக் கேள்வியையும் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள், ஐயா.

மட்டாஞ்சேரி,
7-3-1983.

இப்படிக்கு,
பேச்சியம்மாளின் தகப்பன்
அ. ஒச்சப்பன்