நடுவில் தட்டிய கை

ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லாம் நலம். உங்கள் குறட்டை இல்லாமல் எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. எங்கள் அரங்கத்தில் ஒரே அமர்க்களம். சனிக்கிழமை பெரிய கச்சேரி. வயலின்காரர்களே ஒரு பட்டாளம். வெளியூரிலிருந்து பியானோ வாசிக்கும் அம்மா ஒருத்தரும், கண்டக்டர் ஒருத்தரும் வருகிறார்களாம். "கண்டக்டரா? எந்த பஸ்ஸுக்கு?" என்று கேட்டுவிட்டேன். மேனேஜர் சிரித்துச் சிரித்து இருமினார். இவர் குச்சியை ஆட்டி எல்லோரையும் வாசிக்க வைப்பவராம். பியானோவைத் துடைக்கிற வேலை எனக்கு. அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன். கூட்டிப் பெருக்குகிற எங்களுக்கும் கடைசி வரிசையில் இடம் உண்டு. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

ஜூன் 10

வாயாடிக்கு,

பஸ் கண்டக்டர் வரைக்கும் எழுதினாய். நான் கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருக்கட்டுமா, ஊருக்கு வந்துவிடட்டுமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ ஒன்றும் சொல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன். வெல்டிங் பொறியில் கண் எரிகிறது. வேறொன்றும் இல்லை.

உன் வெல்டர்

ஜூன் 15

என் வெல்டருக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் இதை எழுதிவிட்டேன், இனிமேல்தான் கதை.

கச்சேரி கேட்டேன். பியானோ அம்மாவின் விரல்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! திடீரென்று கண்டக்டரின் குச்சி இறங்கியது. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு சத்தம் இல்லை. இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு ஒருத்தரும் கை தட்டவில்லையே என்று எழுந்து நின்று படபடவென்று தட்டினேன். நான் மட்டும்! அரங்கமே திரும்பிப் பார்த்தது. வாசலில் நிற்பவர் ஓடி வந்து, "அக்கா, இன்னும் முடியலக்கா! நடுவுல கொஞ்சம் மூச்சு விடுறாங்க. உட்காருங்க!" என்றார். மானம் போச்சு.

அதற்கப்புறம் வாசித்ததுதான் என்னை அழ வைத்தது. யாரையோ மெதுவாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நீங்களும் அதே தப்பைத்தான் செய்கிறீர்கள். நான் பேசாமல் இருந்தால் முடிந்துபோச்சு என்று அர்த்தமா? வாங்க என்று எழுத ஆரம்பித்தால் அழுகை வருகிறது. அதனால்தான் பஸ் கதை எழுதினேன். வந்துவிடுங்கள்.

உங்கள் வாயாடி

ஜூன் 22

வாயாடிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சூப்பர்வைசரிடம் போய்க் கெஞ்சினேன். "போட்டது போட்டதுதாம்பா" என்கிறார். இரண்டு வருஷம்.

கோபமாக இருப்பாய். திட்டு. பக்கம் பக்கமாகத் திட்டி எழுது. என் குறட்டையையும் சேர்த்துத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.

உன் வெல்டர்