பின்பக்கத்திலிருந்து தொடங்கிய கதை

அப்பா,

பரணிலிருந்து நம் காமிக்ஸின் ஒன்றாம் பாகத்தை இறக்கித் திறந்ததும் கடுகெண்ணெய் வாசம் வந்தது. நீங்கள் சிந்திய ஜால்முரிப் பொரியின் கறை நாற்பத்தோராம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. வீட்டில் கடுகெண்ணெய் என்றாலே முகத்தைச் சுளிப்பீர்கள். சாந்த்ராகாச்சி லோக்கல் ரயிலில் ஏறிவிட்டால் மட்டும் அதை மன்னித்துவிடுவீர்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் பக்கத்து அறையில் தூங்குகிறாள். ஜப்பானிய மொழித் தேர்வுக்கான படிவத்தைக் கொடுக்க நாளைதான் கடைசி நாள். என் வயதுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். மூன்று வாரமாகப் படிவம் வேதியியல் நோட்டுக்குள் கிடக்கிறது. கேட்கப் பயமாக இருக்கிறது. எதற்குப் பயம் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோல்பார்க் நடைபாதையில், பழைய புத்தகக் கடையில், கயிறு போட்டுக் கட்டிய ஒரு காமிக்ஸ் கட்டைப் பார்த்து நின்றீர்கள். ஊருக்குத் திரும்பிய ஏதோ ஜப்பானியக் குடும்பம் விற்றுவிட்டுப் போனது. அட்டைகளில் எல்லாம் சீருடை போட்ட பள்ளிக்கூடப் பெண்கள். "ஒரு வருஷமா கிடக்கு அண்ணா, யாரும் சீண்டலை" என்று கடைக்காரர் வங்காளத்தில் சொன்னார். ஒருவரும் சீண்டாததாலேயே உங்களுக்குப் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒன்றாம் பாகத்தை, நம் புத்தகங்களைத் திறப்பது போலவே திறந்தோம். முதல் பக்கத்திலேயே ரயில் நிலையத்தில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"இந்த அக்கா எதுக்குப்பா அழறா?"

"தெரியலையே பாப்பா. மேல பாப்போம்."

நான்கு நாள் படம் மட்டும் பார்த்தோம். அழுதவள் தோழியோடு சிரித்தாள், பிறகு அதே தோழியோடு சண்டை போட்டாள், கடைசியில் அவளிடமே பெயர் கேட்டாள். "அப்பா, இவளுக்கு மறதி வியாதி போலருக்கு" என்றேன். நீங்கள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். "நாம கடைசிப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கோம்டி. அவங்களுக்கு அந்தப் பக்கம்தான் ஆரம்பம்!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அந்தப் பொண்ணு அழற எடத்துக்கு இனி முறையாப் போய்ச் சேருவோம்" என்றீர்கள்.

நீங்கள் ஜப்பானிய மொழி கற்றது இதற்காகத்தான். இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

எழுத்து அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினீர்கள். எனக்குப் பத்து நாள் ஆனது. உங்களுக்கு இரண்டு மாதம். "டீச்சரம்மா, இது என்ன எழுத்து?" என்று பனியனோடு வந்து நிற்பீர்கள். "நேத்துதானே சொன்னேன்" என்று நான் அதட்டுவேன். கடினமான பட எழுத்துகளுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைப் பொடி எழுத்தில் போட்டிருந்ததால் பிழைத்தோம். சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் உடனே தேட விடமாட்டீர்கள். "மொதல்ல அவ மூஞ்சியப் பாரு. கோவமா, வெக்கமா? ஒரு ஊகம் சொல்லு." ஊகங்களைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைப்போம். பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும். ஆளில்லாத வகுப்பறைப் படத்தில் அமைதிக்குக்கூட ஓர் ஓசையை எழுதியிருந்ததைக் கண்டுபிடித்த அன்று, அம்மாவைச் சமையலறையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினீர்கள்.

ஹவுராவிலிருந்து கிளம்பும் லோக்கலில், மீசை வைத்த ஒரு ரயில்வே எஞ்சினியர், அட்டையில் பூப்போட்ட புத்தகத்தைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டு போவார். "தாதா, உல்ட்டோ தோரேசேன்!" என்று யாராவது தினமும் எச்சரிப்பார்கள், அண்ணா, புத்தகத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள் என்று. நீங்கள் தினமும் அவர்களுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து விளக்குவீர்கள். நானாக இருந்தால் அட்டைக்குச் செய்தித்தாள் போட்டு மறைத்திருப்பேன்.

பதினோரு மாதம் கழித்து அந்த ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். ஊரை விட்டுப் போகும் தோழியிடம் ஏதோ சொல்லத்தான் அவள் ஓடி வந்திருக்கிறாள். சொல்வதற்குள் ரயில் போய்விட்டது.

"இவ்ளோதானா?" என்றேன்.

"அழறதுக்கு இது போதாதா?" என்றீர்கள்.

உங்கள் வேலையிடத்துக்கு ஜப்பானிய எஞ்சினியர்கள் வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நரைத்த தலைவரிடம் நீங்கள் பேசிய முதல் வாக்கியத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார்கள். அன்று இரவு சாப்பிடும்போது நீங்களே நடித்துக் காட்டினீர்கள். "நான் பேசினது அவங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு தெரியுமா? பதினஞ்சு வயசுப் பொண்ணு சிநேகிதிகிட்ட, 'ஏய், போகாதடி, எனக்காக நில்லேன்'னு கொஞ்சற மாதிரி! நம்ம புஸ்தகத்துல ஆம்பளைங்க எங்க வாயத் திறக்கறானுங்க?"

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. "ஐயோ, மானம் போச்சு! நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவீங்க?"

"இதே மூஞ்சிதான். இதே பேச்சுதான். வேற பேச்சு எனக்குத் தெரியாதே."

மறுநாளும் போய் அப்படியே பேசினீர்கள். நான்காம் நாள் அந்தத் தலைவரே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகத் திருத்தினாராம். கிளம்பும்போது உங்களைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். உங்களைப் பற்றிய கேலிக்கதை எதையும் வேறொருவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அதற்கு முன்பே நீங்கள் வந்து சொல்லிவிட்டிருப்பீர்கள். தைரியம் என்றால் அடிதடி என்று நினைத்திருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

போன மழைக்காலத்துச் சாயங்காலத்துக்கு இப்போது வந்தே ஆக வேண்டும்.

இருபத்து மூன்றாம் பாகம். "பாப்பா, நெஞ்சை என்னமோ பிசையற மாதிரி இருக்கு. மீதிய நாளைக்குப் பாப்போமா?" என்றீர்கள். நல்ல கட்டத்தில் நின்றது. "இன்னும் ரெண்டே ரெண்டு பக்கம்ப்பா" என்றேன் நான். நீங்கள் படித்தீர்கள், எல்லாக் குரல்களிலும். அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, இப்படி வேர்க்குது?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல, நெஞ்சு லேசா வலிக்குது. ரெண்டு பக்கம் முடிச்சிட்டுப் படுக்கறேன்" என்று சொன்னீர்கள். நான் கேட்டதாகச் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா எல்லாப் புத்தகங்களையும் பழைய புடவையில் மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். "பொம்மைப் புஸ்தகத்துக்காக நெஞ்சு வலியோட உக்காந்திருந்த மனுஷன். இந்த வீட்டுல இனி அந்தப் பேச்சே கேக்கக் கூடாது" என்றாள். லேக் மார்க்கெட்டில் யாராவது உங்களைப் பற்றி நல்லதாகச் சொன்னாலும், "பிடிவாதக்காரர்" என்று முடித்துவிடுகிறாள். ஒரு வருடமாக அவள் உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் பெயரில் என் தப்பு இருக்கிறது.

முதலில் கையெழுத்தை வாங்கிவிட்டு, அதைப் பிறகு எப்போதாவது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எழுத எழுத அது முடியாது என்று தெரிகிறது. உங்களோடு படித்ததில் எத்தனையோ சொற்கள் மறந்துபோயின. சிரிப்பார்களோ, திட்டுவார்களோ என்று பார்க்காமல் தன்னைப் பற்றித் தானே வாயைத் திறந்த ஒருவரோடு ஏழு வருடம் உட்கார்ந்து படித்தேன் என்பது மறக்கவில்லை. அதில் கொஞ்சமாவது என்னிடம் ஒட்டியிருக்க வேண்டும்.

கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்கிறது. அம்மா எழுந்து வாளியை வைத்துவிட்டாள். படிவத்தை நோட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு அவளிடம் போகிறேன். கையெழுத்து கிடைக்காமலே போகலாம். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரியும்.

"அம்மா, அன்னைக்கு ரெண்டு பக்கம் கேட்டது அப்பா இல்ல. நான்தான்."