நகலோடு போகாத பண்பு

ஜூன் 11
குல்சாத்தோடு மறுபடி சண்டை. பனி ஏரியின் கணக்கைக் கணினிச் செயலிகள் பல பங்குபோட்டுக்கொண்டு, தரவை ஒன்றுக்கொன்று செய்தியாக அனுப்புகின்றன. அந்தத் தரவு வகையின் மேல் நான் ஒரு பண்பை ஒட்டியிருக்கிறேன்: 'உருகுநீர் சேர்த்தாயிற்று'. அதைப் பார்த்தால் நிரல் மறுபடி சேர்க்காது. வகையை நகலெடுத்தால் பண்பு கூடப் போகாது. அப்படித்தான் எழுதினேன். நகலெடுப்பவர் பார்த்து ஒட்டட்டும்.

"பைகே, ஒரு வரி மாத்தினா பண்பும் நகலோட தானா போயிடும்."

"தானா போறது எதையும் நான் நம்புறதில்ல. படிச்சவதானே, ஒட்டத் தெரியாதா?"

கூப்பிடுவது பைகே, அண்ணன் என்று; ஆனால் பிரிவுத் தலைவியாம். நிரல் என்னுடையது.

ஜூன் 28
ஏரிக்குக் கீழே, மேய்ச்சல் மேட்டில், தங்கை அய்சுலூவின் கூடாரம். கிண்ணத்தில் தேநீர் பாதிதான் ஊற்றினாள் — அண்ணன் எழுந்துவிடக் கூடாதாம். நிறைய ஊற்றுவது, குடித்துவிட்டுக் கிளம்பு என்பவர்களுக்கு.

ஜூலை 9
ஏரி உடையப்போகிறது என்று எச்சரிக்கை அனுப்பினோம். கொட்டும் மழையில் அய்சுலூ வீட்டார் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு இறங்கினார்கள். ஏரி அசையவேயில்லை.

ஜூலை 10
புதுப் பகுதியில் குல்சாத் வகையை நகலெடுத்திருக்கிறாள், பண்பை ஒட்டவில்லை. நிரல் உருகுநீரை இன்னொரு முறை சேர்த்துவிட்டது; நேற்றைய எச்சரிக்கை பொய்யானது அதனால்தான்.

"மறந்துட்டேன் பைகே. மனுசங்க மறப்பாங்கன்னு நீங்க யோசிக்கவே மாட்டீங்களா?"

என்னையா கேட்கிறாள்? அந்த நகலில் கையால் ஒட்டவைத்தேன். விதியைத் தொடவில்லை.

ஜூலை 15
அய்சுலூவின் கணவன் மமத் மறுபடி மேலே ஏறிவிட்டான். இறங்கிய வழியில் ஈரத்தில் விறைத்துக் குதிரைக்குட்டிகள் செத்தனவாம்.

ஆகஸ்ட் 2
இம்முறை கணக்கு சரி. ஒவ்வொரு நகலையும் நானே பார்த்தேன். போனில் கத்தினேன்.

"மமத், இறங்குடா! இது நெசம்!"

"உங்க தண்ணிய ஒரு தடவை பாத்தாச்சு மச்சான். உங்க தங்கச்சிய அனுப்புறேன், அவதான் பயந்தாங்கொள்ளி. குட்டிங்கள இன்னொரு தடவை கொல்ல முடியாது."

கழுதை. கழுதை. யார் சொன்னால்தான் கேட்பான்?

ஆகஸ்ட் 3
உடைந்தது.

ஆகஸ்ட் 5
ஆற்று வளைவில் கிடைத்தான். சேணம் கையில்.

செப்டம்பர் 11
மமத்துக்கு நாற்பதாம் நாள். குல்சாத்தும் வந்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், விதி சரிதான் என்று. ஒட்ட மறந்தது நானா?

அய்சுலூ எல்லோருக்கும் பாதிக் கிண்ணம் ஊற்றினாள். என் கிண்ணத்தில் விளிம்புவரை.

குடித்தேன். அலுவலகம் போனேன். இனி பண்பு நகலோடு போகும்.

ஒரு வரிதான்.