ஒரு நொடி கழித்து

பிப்ரவரி 6

பெட்டிக்காரருக்கு,

நானும் நம் மகளும் நலம். சுண்டெலிக்குக் கடைவாய்ப் பல் முளைத்துவிட்டது. என் தோளில் அதற்கான அடையாளம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசியதில் பாதி கேட்கவில்லை. நான் சொல்வது வானத்துக்குப் போய் உங்களிடம் இறங்கி, உங்கள் பதில் திரும்பி வர ஒரு நொடி ஆகிறது. அதற்குள் நான் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறேன். கல்லூரியில் பேச்சுப் போட்டி ஒன்று விடாமல் ஜெயித்தவள், கட்டினவரோடு நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராமல் தடுமாறுகிறேன்.

அதிகாரி இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார் என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. உங்கள் இஷ்டம் என்றேன். பின்னால் உங்கள் பட்டாளத்து ஆட்கள் பேசுவதற்கு வரிசையில் நிற்கும்போது வேறென்ன சொல்வது? முகாம் மலையில் இன்னும் மேலே நகர்வதால் பேட்டரியைச் சேமிக்க வேண்டும், இரண்டு மாதம் வீட்டுப் பேச்சே கிடையாது என்றும் சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சுண்டெலியைக் கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. "பால் வேணுமாடி?" என்றால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். பிறகுதான் "ம்" வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா, "எதுக்கும் காது டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடு" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன்.

உங்கள் வாயாடி

*

பிப்ரவரி 17

என் வாயாடிக்கு,

கடிதம் வந்தது. டாக்டர் என்ன சொன்னார்? இங்கே நிலத்தைப் பார்த்து நடக்கிறேன், மனம் அந்தக் குழந்தையின் காதிலேயே இருக்கிறது. உலகத்தோடு பேசும் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை கேட்க வழியில்லை.

வீட்டுப் பேச்சு இல்லாததால் எல்லாருக்கும் முகம் தொங்கிப்போயிருக்கிறது. ஞாயிறு தோறும் ஆன்டெனாவைக் குடை மாதிரி விரித்து, வானத்தில் செயற்கைக்கோள் இருக்கும் இடத்துக்கு நேராகத் திருப்பி நான் உட்கார்ந்திருப்பேன். சமையல்காரர் மனைவியோடு சண்டை போடும்போது, "யோவ் பெட்டி, காதப் பொத்திக்கய்யா" என்பார். "பொத்திக்கிட்டேன், நீ பேசு" என்பேன். பொத்தமாட்டேன். சண்டையெல்லாம் முடிந்து, "சரி, சாப்ட்டியா?" என்று குரலை இறக்கிக் கேட்பாரே, அதற்காகத்தான்.

போன வாரம் எங்களில் ஒருவருக்குப் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. குளிரில் பேட்டரி செத்துப்போய்க் கிடந்தது. அதைச் சட்டைக்குள் வைத்து, உடம்புச் சூட்டில் உயிர் வரவைத்து, ஹெலிகாப்டரைக் கூப்பிட்டேன். வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். இங்கே இந்தப் பெட்டி என் கைக்கு மட்டும்தான் முழுதாகப் படிந்திருக்கிறது. அதிகாரி கேட்பது அதனால்தான். நீயும் என் இஷ்டம் என்றுவிட்டாய்.

சுண்டெலிக்கு ஒரு முத்தம். உனக்கு மிச்சமெல்லாம்.

உன் பெட்டி

*

பிப்ரவரி 18

பெட்டிக்காரருக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

காது நன்றாக இருக்கிறது. டாக்டரம்மா முதுகுக்குப் பின்னால் மணியடித்தார், கிசுகிசுத்தார், எல்லாவற்றுக்கும் திரும்பினாள். "காதுல ஒரு குறையும் இல்லம்மா. யோசிச்சுப் பேசுறா. உங்க பக்கத்து சாயல் இல்லபோல" என்றார். சிரித்தேன். ஆனால் பயம் போகவில்லை. அப்படியானால் அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

நேற்று தெரிந்தது. மரக்கட்டை ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, சாப்ட்டியா?" என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அப்புறம் தலையாட்டிச் சிரித்தாள். "என்னடி சொன்னாரு அப்பா?" என்று நான் குறுக்கே கேட்டதும், என்னைப் பார்த்து, "இரு" என்றாள். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஞாயிறு தோறும் சொல்லும் அதே "இரு".

அவளுக்குப் பேச்சு வந்ததே அந்தத் தொலைபேசியில்தானே. மனிதர்கள் பேசினால் பதில் ஒரு நொடி கழித்துத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடமும், அக்காவிடமும், பால்காரரிடமும் அப்படியே.

உங்கள் இஷ்டம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் இஷ்டம் இது: அந்த ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

உங்கள் வாயாடி

*

பிப்ரவரி 28

என் வாயாடிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கையெழுத்து முந்தாநாள் போட்டேன்.

படித்த கையோடு அதிகாரியிடம் ஓடினேன். "தலைமையகத்துக்குப் போய்ட்டுதேப்பா. நீதானே அனுப்புன?" என்றார். ஆமாம், நான்தான். ஆன்டெனாவை நானே விரித்து, என் சம்மதத்தை நானே அனுப்பினேன். அது கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. உன் வார்த்தை லாரியிலும் கோவேறு கழுதையிலும் ஏறி வந்தது.

செப்டம்பர்வரை இருந்தாக வேண்டும். அதற்குமேல் ஒருநாளும் இல்லை. இன்னொருவருக்குப் பெட்டியைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஆன்டெனாவைத் துணி காயப்போடுவது மாதிரி பிடிக்கிறார். கற்றுக்கொள்வார்.

என்ன திட்ட வேண்டுமோ திட்டு.

உன் பெட்டி

*

மார்ச் 12

பெட்டிக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். இதற்கு முன்னால் வந்திருக்கும். அதில் இருப்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கால் முறிந்தவரை நினைத்துப் பார்த்தேன். அவர் வீட்டிலும் யாராவது வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அதற்குமேல் உங்களோடு சண்டை போட வரவில்லை. அழுகை மட்டும் வந்தது, அதுவும் சுண்டெலி தூங்கின பிறகு.

"நாம எல்லாரும் அவகிட்ட டக்கு டக்குனு பேசுவோம், பத்து நாள்ல சரியாயிடும்" என்கிறார் அக்கா. சரியாகிவிடும்தான். நானும் முயன்று பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

இன்று காலை கூடத்தில் பந்து உருட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். பந்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முன்பெல்லாம் நான் பயந்த அந்த ஒரு நொடியில் நானும் கரண்டியோடு அசையாமல் நின்றேன், உங்கள் குரலுக்கு நிற்பதுபோலவே. பிறகு "என்னம்மா?" என்றாள்.

அந்த நொடியை நான் திருத்தப் போவதில்லை. அது உங்கள் வேலை. வந்து செய்யுங்கள்.

உங்கள் வாயாடி