தெருமுனையில் ஒரு பச்சைப் பெருக்கல் குறி

பேகம்பூர், திண்டுக்கல்
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு

இதனால் உலகத்தார் அனைவருக்கும், குறிப்பாகத் தோஹாவில் நர்ஸ் வேலை பார்க்கும் என் அக்காவுக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடந்த செவ்வாய்க்கிழமை மாலை நான்கு இருபதுக்கு, நம் தெருமுனையில், தண்ணீர்த் தொட்டிக்கும் பவுல்ராஜ் அண்ணன் டீக்கடைக்கும் நடுவே, பச்சைப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போடப்பட்டது. காய்வதற்குள் ஒரு ஆடு அதை மிதித்துவிட்டு நம் மாடிப்படி வழியாக ஏறி வந்ததால், இப்போது நம் வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம் பச்சைக் குளம்புத் தடத்தைப் பிடித்து வாங்க என்று சொல்லிவிடுகிறோம்.

அஸ்ஸலாமு அலைக்கும். அன்பு மகள் ருக்சானாவுக்கு அம்மா சைனம்பு சொல்லச் சொல்லத் தம்பி ரிஃபாத் எழுதுவது. இங்கே அத்தா, அம்மா, நான், அந்த ஆடு எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறோம், ஆடு நீங்கலாக. அம்மாவின் மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதால்தான் என் கையெழுத்தைப் படிக்கும் சோதனை உனக்கு வந்திருக்கிறது. தினமும்தான் போனில் பேசுகிறீர்களே, எதற்குக் கடிதம் என்றேன். பார்சலில் கடிதம் வைத்தால்தான் அது வீட்டிலிருந்து வந்தது, இல்லாவிட்டால் வெறும் சரக்கு என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார். நர்கீஸ் மாமி நாளை விமானம் ஏறுகிறார், அவர் கையில் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு, இஞ்சி மரப்பா, எலுமிச்சை ஊறுகாய் வருகின்றன. பழத்தின் தோல் சுருங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதே, அப்போதுதான் இனிக்கும். டூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாயாம், கூட வேலை செய்யும் பெண் மாமியிடம் சொல்லிவிட்டாள், இந்த வீட்டுக்கு எல்லா நாட்டிலும் உளவாளிகள் உண்டு.

இப்போது பெருக்கல் குறிக்கு வருகிறேன். ஊரில் வாடகைச் சைக்கிள் விட்டிருப்பது உனக்குத் தெரியும். போனைக் காட்டினால் பூட்டுத் திறக்கும், ஓட்டிக்கொண்டு போய் இன்னொரு ஸ்டாண்டில் விட்டுவிட வேண்டும். பன்னிரண்டு ஸ்டாண்டு இருந்தும் நம் பக்கம் ஒன்றுகூட இல்லை. அம்மா பஸ் ஸ்டாண்டு வரை இருபது நிமிடம் நடந்து, அங்கே சைக்கிள் எடுத்து, பைபாஸ் பக்கத்தில் உள்ள தோல் கையுறைக் கம்பெனிக்கு எட்டு மணி மணியடிக்குமுன் போய்ச் சேர வேண்டும். காலேஜ் பசங்க முந்திக்கொண்டால் சைக்கிள் இருக்காது, மிச்ச தூரமும் நடைதான். சொந்தமாக ஒன்று வாங்கலாமே என்று நீ கேட்பாய். மூன்றாவது மாடிக்குத் தூக்க முடியாது, கீழே விட்டால் காலையில் சங்கிலி மட்டும் மிஞ்சும், போன தடவை அந்தச் சங்கிலியாவது புதுசு. போன மாதம் சூப்பர்வைசர், இன்னும் மூணு தடவ லேட்டா வந்தீங்கன்னா உங்க மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிடும்மா என்று நீ சொன்னாயே, அதற்கு அம்மாவின் பதிலை அப்படியே எழுதச் சொன்னார்: எங்காலு வலிக்கிறது நடந்ததுனால, தச்சதுனால இல்ல, நாப்பத்தாறு வயசுல ஈத்கா மைதானத்துல விழுந்து எந்திரிச்சு சைக்கிள் படிச்சது வீட்ல குத்த வைக்கிறதுக்கா புள்ள? அவர் ஓட்டுவதை நீ பார்க்க வேண்டும் அக்கா, ரோட்டில் ஆளே இல்லாவிட்டாலும் மணி அடிப்பார், இனிமேல் வரப்போகிறவர்களுக்காம்.

அந்த நேரத்தில்தான் புதிதாக நான்கு ஸ்டாண்டு வரப்போகிறது, பத்து இடங்கள் போட்டியில் இருக்கின்றன என்று சைக்கிள் ஆபீசிலிருந்து யுவராணி என்கிற இன்ஜினியர் வந்தார். எந்த இடத்தில் ஜனங்கள் ஸ்டாண்டு இல்லாமலே சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறார்களோ, அந்த இடம் அவர் கம்ப்யூட்டரில் சிவப்பாகத் தெரியுமாம். இது போதாதா எனக்கு. நான், அப்துல் ஹாதி, சந்தோஷ்குமார் மூன்று பேரும் டியூஷன் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆளுக்கு ஒரு சைக்கிள் எடுத்து வந்து நம் தெருமுனையில் விட்டோம், நடந்து போய் இன்னொன்று எடுத்து வந்தோம், ஒரு நாள் மட்டும் மூன்றாவதும். பத்து நாளில் அறுபத்து மூன்று சைக்கிள். நம் தெருமுனை கம்ப்யூட்டரில் அம்மை போட்ட மாதிரி சிவந்துவிட்டது. ஆகவே அந்தப் பச்சைக் குறி என்னால் வந்தது. திண்டுக்கல்லின் நகரத் திட்டமிடல் வரலாற்றில் என் பெயரைச் சிறிய எழுத்தில் போட்டாலும் போதும், பெரிய எழுத்தை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

இந்த இடத்தில் அம்மா வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார். முழுசா எழுதுலே என்றார். மூக்கில் கண்ணாடி இருக்கிறது. அது உடையவே இல்லை, மன்னிக்கவும்.

முழுசாக எழுதுகிறேன். ஸ்டாண்டுக்கு வெளியே கிடக்கும் சைக்கிள்களை அள்ளிக்கொண்டு போக சைக்கிள் ஆபீஸ் ராமர் அண்ணன் தினமும் காலை ஆறு மணிக்கே வேன் கொண்டு வந்துவிடுவார் என்பது என் கணக்கில் இல்லை. அம்மா ஏழு மணிக்குக் கீழே இறங்கும்போது ஒன்றும் இருக்காது. ஆக, கம்ப்யூட்டர் கண்டது என்ன? நம் தெருவுக்கு அறுபத்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள், ஒருவர்கூட இங்கிருந்து கிளம்பவில்லை. வர்றவங்க எல்லாம் இங்கயே குடியேறிட்டாங்களா என்று யுவராணி சிரித்தாராம். அப்புறம், எவனோ விளையாடுகிறான், இங்கே ஸ்டாண்டு வைத்தால் சைக்கிள் குவியுமே தவிர ஓடாது என்று நம் தெருவைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார். அந்தச் சேதி வந்த அன்றைக்கு அம்மா மறுபடியும் லேட். மூன்றில் ஒன்று போய்விட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை, வெஞ்சனம் கோழி வறுவலாக இருந்தும்.

நானே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை, பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு நேரே யுவராணியிடம் போனார். மூவர் பெயரும் சொல்லி, எந்த எந்த நாள் என்றும் ஒப்பித்தேன். அவர் அந்த அறுபத்து மூன்றையும் அழித்தார். அழித்த பிறகு நம் தெருமுனை கம்ப்யூட்டரில் வெறிச்சோடிப்போனது. அப்போது அம்மா சொன்னதைத்தான் அக்கா நான் மறக்கமாட்டேன். ஏம்மா, சைக்கிள் எங்கருந்து கெளம்புதுன்னு ஒங்க மெஷினுக்குத் தெரியும், ஆளு எங்கருந்து நடந்து வந்து அதை எடுக்குறாங்கன்னு தெரியுமா, தெரியணும்னா நாளைக்கு ஏழு மணிக்கு எங்கூட செத்த நேரம் நடந்து வா, என்றார். யுவராணியும் வந்தார். நம் சந்திலிருந்து கிளம்பும்போது அம்மா ஒருவர்தான், மசூதி திரும்பும்போது நான்கு பேர், பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒன்பது பேர், எல்லாரும் அதே கம்பெனி, எல்லாரும் இந்தப் பக்கத்து வீடுகள். போய்ச் சேர்ந்தபோது ஸ்டாண்டில் இரண்டே சைக்கிள், ஒன்றில் காற்று இல்லை. யுவராணி நோட்டை மூடிவிட்டு மற்ற எட்டு பேரோடு கம்பெனி வாசல் வரை நடந்தாராம், மறுநாள் செருப்பு மாற்றிக்கொண்டு திரும்ப வந்து எண்ணினாராம். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் ஸ்டாண்டுக்கு இடம் குறித்துப் பெயின்ட்.

பத்து சைக்கிள் வரும், அடுத்த மாதம் முதல் தேதி திறப்பு. அதுவரை லேட்டாகாமல் இருக்க அம்மா ஆறரைக்கே கிளம்புகிறார், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நானும் போகிறேன், தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் தண்டனைதான். இந்தக் கடிதமும் அதில் சேர்த்தி.

அம்மாவும் அத்தாவும் துஆ சொல்கிறார்கள், அல்லாஹ் உனக்கு நோயில்லாத ஆஃபியத்தும் குறையாத பரக்கத்தும் தந்து நோன்புக்கு முன் லீவும் தருவானாக. ஊறுகாய் ஜாடியைக் கழுவித் திருப்பி அனுப்ப வேண்டுமாம், போன ஜாடி இன்னும் வரவில்லை என்பதை அம்மா மறக்கவில்லை.

இப்படிக்கு,
அம்மா சைனம்பு
(கை மட்டும்: ரிஃபாத்)

திருத்தம்: மேலே “அந்தப் பச்சைக் குறி என்னால் வந்தது” என்று இருப்பதை “நான் இருந்தும் வந்தது” என்று படித்துக்கொள்ளவும். அடித்து எழுத அம்மா விடவில்லை, அக்கா ரெண்டையும் பாக்கட்டும் என்கிறார்.