ஜமீலா லாத்தாவின் விரல்களில் கோளாறு இல்லை

என் பிரியமுள்ள ஜமீலா லாத்தாவுக்கு,

ஆமாம், நான்தான் மாற்றிச் செருகினேன். அன்று வேறு யாரும் அந்த அறைக்குள் போகவில்லை.

நம் ஸ்கேன் சென்டரின் பழைய சர்வரை நேற்றுக் கழற்றினார்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில், யுபிஎஸ் பேட்டரிகளுக்குப் பக்கத்தில், டேபிள் ஃபேன் காற்றில் உயிர் பிடித்துக்கொண்டிருந்ததே, அதுதான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பிய சந்தனம் அதன் காற்றுத் துளைகளில் காய்ந்து கிடந்தது. நீ ஊக்கால் சுரண்டி எடுப்பாய். "நீங்க கும்பிடுத கும்பிடுல இதுக்கு மூச்சு முட்டுதுட்டி" என்பாய். உனக்குப் பிறகு யாரும் சுரண்டவில்லை. நானும்தான்.

புதியது கறுப்பாக, சின்னதாக இருக்கிறது. சத்தமே இல்லை.

திருநெல்வேலியிலிருந்து வந்த என்ஜினியர், எல்லா மேசைகளின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியையும் மாற்றினார். பழைய பெட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கேபிள் செருகுத இந்த நாலாவது போர்ட் சீக்காளியாகி வருசக்கணக்கா இருக்கும் போலயே. இதுல உக்காந்து வேல பாத்தது யாருங்க? பொறுமைக்கே பரிசு குடுக்கணும்."

நம் முதலாளி அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்து, சன்னலோர மேசையில் போய் நின்றார்.

"இது ஜமீலா சீட்டுல்லா?"

நான் ஃபேனின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றிக்கொண்டே இருந்தேன்.

லாத்தா, அந்த நாலாவது போர்ட் முதலில் என்னுடையது. என் திரையில்தான் எழுத்து பிந்திப் பிந்தி வந்தது. ஒரு காலையில் தூசி தட்டப் போனவள், என் கேபிளையும் உன் கேபிளையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினேன். அரை நிமிட வேலை. ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுக்க வேண்டிய டாக்டரின் சீட்டுகள் என் மேசையில் குவிந்திருந்தன. அன்று ஒருநாள் மட்டும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

"ஏட்டி செல்வி, நான் அடிக்கித எழுத்து பிந்தித்தான் வருது. ஒனக்கும் அப்படியா?"

"இல்லியே லாத்தா. எனக்கு நல்லாத்தான் வருது."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

திருவேங்கடம் ஊர்க்காரர் ஒருவர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து பஸ்ஸைத் தவறவிட்டார், நினைவிருக்கிறதா? கவுண்டரில் சத்தம் போட்டார். அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். "என்னட்டி, ஜமீலாவுக்குக் கை ஓடலையா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சொன்னது: "லாத்தா கொஞ்சம் மெதுவாத்தான் அடிக்காவ அண்ணாச்சி."

மறுவாரம் உன்னைக் கீழே டோக்கன் கவுண்டருக்கு அனுப்பினார்கள். உன் வேலையும் எனக்கு வந்தது. "செல்விக்குக் கை வேகம்" என்றார் அண்ணாச்சி. நீயும் தலையாட்டினாய். என் தட்டச்சு வேகத்தைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தவள் நீ. "கோழி கொத்துத மாதிரி அடிக்காதட்டி" என்று சிரித்தவள்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கைகளையும் என் முன்னே விரித்தாய். "வெரலுல ஏதும் கோளாறு இருக்குமோட்டி? வெந்நீல முக்கிப் பாத்தேன். வீட்டுல பழைய கீபோர்ட வச்சி அடிச்சும் பாக்கேன்."

எதிலும் இணைக்காத கீபோர்ட். திரை இல்லாமல், எழுத்து இல்லாமல். நீ எதை அடித்திருப்பாய்?

நான் என் டப்பாவிலிருந்த பொரியலை உன் தட்டில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஒரு மழைக்காலக் காய்ச்சல் உன்னை நான்கே நாளில் கொண்டுபோனது. கடையநல்லூரில் உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அவளுக்குக் கையி ஓடலன்னு ரொம்ப வெசனம்மா. நீதான் அவ வேலயயும் சேத்துப் பாத்தியாம். நல்லாருப்பே." நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதையும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று உன் மேசையில் உட்கார்ந்து அண்ணாச்சி சொன்னார்: "ஒரு நல்ல பிள்ளையப் போயி மெதுன்னு சொல்லிட்டமேட்டி." சொல்லிட்டோமாம். என் பங்கில் பாதியை எடுத்துக்கொண்டார். அவருக்கு நாலாவது போர்ட் தெரியும். என் அரை நிமிடம் தெரியாது.

பழியை இயந்திரத்தின் மீது போட்டுவிட்டுப் போய்விடலாம். அதைத்தான் லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டதே. யார் கேட்கப் போகிறார்கள்?

கடைசியில் என்ஜினியர் கேட்டார். "ஜமீலான்னு ஒரு யூசர் இருக்கு. யாரும் இல்லன்னா அழிச்சிரவா?" அந்தக் கேள்வியில்தான், லாத்தா, எனக்கு வாய் திறந்தது. "வேண்டாம்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நின்றும்விட்டது. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் எழுதினால் இது கடிதம் ஆகாது. இன்னொரு ஒளிவிடம் ஆகிவிடும். உன்னை மெதுவானவள் என்று நம்பிய எல்லோரும் படிக்கட்டும். உம்மாவிடம் நானே வாசித்துக் காட்டுவேன். அவர்கள் என் கையை உதறினால், மறுபடி நீட்ட மாட்டேன். ஆனால் இனி யார் உன் பெயரை எடுத்தாலும், நான் வயர் சுற்றிக்கொண்டிருக்க மாட்டேன். இது சத்தியம்.

நீ ஏட்டி என்று கூப்பிட்ட,
உன் தங்கச்சி
செல்வி

மூன்று பிரதி எடுத்தேன். புதிய சர்வர் ஆயிற்றே, உடனே அச்சாகி வந்தன. ஒன்றை அண்ணாச்சியின் கையில் கொடுத்தேன். ஒன்றை டோக்கன் கவுண்டருக்கு மேலே ஒட்டினேன். மூன்றாவதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடையநல்லூர் பஸ்ஸில் ஏறினேன்.