மலரின் இதயத்தில் ஓட்டை

செவ்வாய்க்கிழமை, இரவு

என் மனைவி மலருக்கு இது மூன்றாம் மாதம். வேலை பார்க்கும் தி.நகர் ஜவுளிக்கடையில் ஒரு மாடி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. மசக்கை என்று நினைத்தோம்.

இன்று ஸ்கேன் பார்த்த டாக்டர், அவள் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே ஓட்டை என்றார். நுரையீரலில் அழுத்தம் ஏறிவிட்டதால் இனி அடைக்கவும் முடியாதாம். உதடு நீலம் பூத்திருப்பதும் அதனால்தான். பிள்ளையைச் சுமந்தால் அவள் உயிருக்கே ஆபத்து, உடனே கலைத்துவிடுங்கள் என்றார்.

திருவான்மியூர் பஸ்ஸில் மலர் கேட்டாள்: “பொறந்ததுலேர்ந்து ஓட்டையோடதான கீறேன்? இன்னும் ஆறு மாசம் தாங்காதா?”

“டாக்டரு சொன்னது காதுல வுழல?”

“வுழுந்துச்சு. நீ இன்னா சொல்ற?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வயிற்றின் மேல் கை வைத்தபடி தூங்குகிறாள். எனக்கு அவள்தான் வேண்டும். விடிந்ததும் அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.